இரிக்கானா, இல்லையா? காணாமல் போனோர் குடும்பங்களும் குறி சொல்வோரின் பொறுப்பும்

வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நகரம் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். பேருந்தில் ஒரு மணித்தியாலப் பயணம். 1990 ஓகஸ்ட் 15 அன்று இந்தத் தெருவில் ஸ்கூட்டரில் புறப்பட்ட யூஜின் ஹேபேர்ட் அடிகளார் மட்டக்களப்புக்குப் போய்ச் சேரவில்லை. கூடப் போன தமிழ்ப் பையனும் சேரவில்லை. அடிகளார் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்த யேசுசபைத் துறவி. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இலங்கையில் வாழ்ந்து, புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். அவரைப் பற்றிக் கேட்க ஒரு வல்லரசின் தூதரகம் இருந்தது; உலகெங்கும் கிளை பரப்பிய ஒரு சபை இருந்தது. இருந்தும் உடல் கிடைக்கவில்லை, கல்லறை எழவில்லை, என்ன நடந்தது என்று உறுதியான ஒரு சொல்லும் வரவில்லை.

அதே தெருவில்தான் வந்தாறுமூலை இருக்கிறது. மூன்று வாரம் கழித்து, செப்டெம்பர் 5 அன்று, அங்குள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேரைப் படையினர் பிடித்துப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. அதற்கு முன் ஜூலையில், குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகள் வழிமறித்த முஸ்லிம் பயணிகளின் குடும்பங்களும் பல்லாண்டுகளாக உடல்களைக் கேட்டு நிற்கின்றன. தூதரகம் கேட்டும் பதில் இல்லாத ஊரில், மீன்பிடிகாரரின் மனைவியும் கடதாசி ஆலைத் தொழிலாளியின் தாயும் யாரிடம் கேட்பார்கள்?

பொலிஸில் கேட்டார்கள். இராணுவ முகாம் வாசலில் கேட்டார்கள். இயக்க முகாமிலும் கேட்டார்கள். அங்கெல்லாம் விரட்டப்பட்ட கேள்வி கடைசியில் சாத்திரம் சொல்பவரின் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது: “என்ட புள்ள இரிக்கானா, இல்லையா?”

இந்தக் கட்டுரை அந்தத் திண்ணையைப் பற்றியது. குறி பலிக்குமா, பலிக்காதா என்று நான் இங்கே விசாரிக்கவில்லை. நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவர் விடட்டும். ஒடிந்துபோன ஒருவர் முன்னே வந்து அமர்ந்து, வாழ்க்கையையே புரட்டிப்போடக்கூடிய ஒற்றைச் சொல்லைக் கேட்கும்போது, பதில் சொல்பவருக்கு என்ன கடமை இருக்கிறது என்பதே கேள்வி. சோழி உருட்டுகிறவருக்கும் டாரட் சீட்டு விரிக்கிறவருக்கும் இந்தக் கடமை ஒன்றுதான் என்பது என் வாதம்.

கேள்வி போகும் வாசல்கள்

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பேச்சு உண்டு. கேலியாகச் சொன்னாலும் அதற்குள் ஒரு பயமும் மதிப்பும் கலந்திருக்கும். மந்திரமும் மருந்தும் குறியும் இந்த வாவிக்கரையின் அன்றாடத்தில் ஊறியவை. சாதகக் குறிப்பைப் பார்த்துப் பலன் சொல்பவர் ஒரு வகை. சோழி போடுபவர், வெற்றிலை பார்ப்பவர், நூல் கட்டிக் கழிப்புச் செய்பவர் இன்னொரு வகை. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும்போதும், காளி, மாரி கோயில்களிலும், தெய்வமாடுபவர்கள் கூடியிருப்போருக்கு வாக்குச் சொல்வார்கள். ஓட்டமாவடிப் பக்கம் முஸ்லிம் குடும்பங்களில் பால் கிதாபு என்ற குறிநூல் பார்ப்பதும், இசும் எழுதிக் கட்டுவதும், தண்ணீர் ஓதிக் கொடுப்பதும் உண்டு. மார்க்கம் அறிந்தவர்களில் பலர் இவற்றைக் கண்டித்தும் வந்திருக்கிறார்கள். துயரம் வரும்போது வாசல்கள் மாறிப்போவதும் இந்த ஊரில் புதினமில்லை. தமிழ்த் தாய் லெப்பையிடம் போவாள். முஸ்லிம் தாய் பூசாரியாரிடம் ஆள் அனுப்புவாள்.

இவற்றில் மை பார்ப்பதைச் சற்று அருகே நின்று பார்க்கலாம். வெற்றிலையின் நடுவில் கறுத்த மையைத் தடவி, ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து, விளக்குக்கு முன்னால் இருத்துவார்கள். பளபளக்கும் மைக்குள் முதலில் அனுமார் வருவார் என்பது முறை. இடத்தைக் கூட்டச் சொல், தண்ணீர் தெளிக்கச் சொல், கதிரை போடச் சொல் என்று பார்ப்பவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, பிள்ளை “ஓம், கூட்டுறார்… ஓம், கதிரை வந்திட்டு” என்று சொல்லிக்கொண்டு போகும். கடைசியில்தான் தேடும் ஆள். இப்போது பிள்ளைக்கு இரண்டு வெளிச்சம்: கையில் உள்ள மை, பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் தாயின் முகம். எந்தச் சொல்லுக்கு அந்த முகம் விரிகிறது, எதற்குச் சுருங்குகிறது என்று பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. “வெள்ளைச் சேட் போட்டிருக்கார். நிறையப் பேரோட இரிக்கார்.” வஞ்சகம் எதுவும் இல்லாமலே, எல்லோரும் நல்ல மனத்தோடு இருக்கும்போதே, கேட்பவரின் ஆசை பதிலாக உருவெடுத்துவிடுகிறது.

உளவியலில் இதற்கு அருகில் வைக்கத்தக்க ஒரு சோதனை உண்டு. 1948இல் அமெரிக்க உளவியலாளர் பேர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர் 39 பேருக்கும் ஒரே குணவிவரணத்தைக் கொடுத்து, ‘இது உங்களுக்கென்றே எழுதியது’ என்றார். ஐந்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்குக் கிடைத்த சராசரி 4.26. சோகமும் நெருக்கடியும் இல்லாத வகுப்பறையிலேயே இந்த நிலை. ‘வடக்குத் திசையில், தண்ணிக்குக் கிட்ட இரிக்கிறான்’ என்று சொன்னால் தவித்து நிற்கும் தாய் என்ன செய்வாள்? கிழக்கே கடல், ஊருக்குள் வாவி, மேற்கே வயலும் குளமும் உள்ள வாழைச்சேனையில் தண்ணீருக்குக் கிட்ட இல்லாத இடம் எது?

உடம்பில் வாங்கிய வாக்கு

இத்தனையையும் வைத்துக் குறி சொல்வோரை ஏமாற்றுக்காரர் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். மட்டக்களப்பின் அனுபவம் அதற்கு இடம் தரவில்லை. 1990களில் இங்கே தங்கிக் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரைப் பற்றியே தன் முனைவர் ஆய்வை எழுதினார். வீணா தாஸ் உள்ளிட்டோர் பதிப்பித்து 2000இல் வெளிவந்த தொகுப்பொன்றிலும் அவருடைய கட்டுரை இடம்பெற்றது. போர் முற்றிய அந்த ஆண்டுகளில் கோயில்களில் வாக்குக் கேட்போர் பெருகியதை அவர் பதிவுசெய்தார். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் யார் என்று தெருவில் வாய்விட்டுச் சொல்ல முடியாத காலம் அது. சொன்னால் அடுத்த பிள்ளையும் போய்விடும். அந்த மௌனத்துக்குள் கோயில் முன்றல் ஒன்றுதான் ஆட்கள் கூடியிருக்க, கண்ணீரோடு, ‘என் பிள்ளைக்கு என்ன நடந்தது’ என்று கேட்கக்கூடிய இடமாக இருந்தது.

வாக்குச் சொன்னவர்கள் வெறுமனே தகவல் கொடுக்கவில்லை. அடிபட்டவனின் வேதனை தெய்வமாடுபவரின் உடம்பில் ஏறியது. அவர் துடித்தார், வீழ்ந்தார், அழுதார். தாயின் துயரம் ஊரறிய வேறொரு உடம்பில் தோன்றியது. கேட்டவளுக்கும் சொன்னவருக்கும் நடுவே கூட்டம் இருந்தது, அம்மன் இருந்தாள், மறுநாளும் அதே தெருவில் முகம் பார்த்து நடக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. சொல்லியது பொய்த்தால் அதன் கணக்கு ஊருக்குள்ளேயே தீர்க்கப்படும். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம், ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ என்ற 1998ஆம் ஆண்டு நூல் தொடங்கித் தன் எழுத்துகளில், மரபுச் சடங்குகளும் மரபு வைத்தியர்களும் போரில் நொந்த மனங்களுக்கு ஆறுதல் தருவதைக் கவனத்தில் எடுத்தவர். கிளினிக் இல்லாத ஊரில் சடங்குதான் கிளினிக்.

ஆறுதலையும் தீர்ப்பையும் பிரித்துப் பார்க்கவேண்டியது இங்கேதான். துயரத்தைக் கூடச் சுமப்பது ஒன்று; ‘இருக்கிறான்’ என்றோ ‘இல்லை’ என்றோ முடித்துச் சொல்வது வேறொன்று. முதலாவதற்குச் சொல்பவர் தன் உடம்பைக் கொடுக்கிறார். இரண்டாவதற்குக் கேட்பவள் தன் வாழ்க்கையைக் கொடுக்கிறாள்.

ஒரு சொல்லுக்குப் பின்னால்

ஒரு தாயை மனத்தில் எண்ணிக்கொள்வோம். இந்தக் கரையில் எந்தக் கிராமத்திலும் இருக்கக்கூடியவள். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் லேமினேற் செய்த படம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த கடிதம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பற்றுச்சீட்டு, கிராம சேவகரின் உறுதிக்கடிதம். எல்லாவற்றுக்கும் போட்டோக்கொப்பி. 1994இல் அமைத்த ஆணைக்குழுவுக்குச் சொன்ன கதையை, 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு வந்தபோதும், 2013இல் பரணகம ஆணைக்குழு அமைந்தபோதும், 2018இல் காணாமல் போனோர் அலுவலகம் இயங்கத் தொடங்கிய பிறகும் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். சர்வதேச செஞ்சிலுவைக் குழு 1990 முதல் இலங்கையில் பதிந்த காணாமல் போனோர் முறைப்பாடுகள் 16,000க்கும் மேல். அவளுடைய பை அவற்றில் ஒன்று.

இந்தப் பையை வைத்துக்கொண்டுதான் அவள் சாத்திரியாரின் முன்னே அமர்கிறாள். அவர் ‘இரிக்கான், வருவான்’ என்றால் என்ன நடக்கும்? முப்பத்தோராம் நாள் செய்ய மாட்டாள். திவசம் கொடுக்க மாட்டாள். உயிரோடு இருக்கும் பிள்ளைக்குத் திவசம் கொடுப்பது சாபமல்லவா? மருமகள் பொட்டும் தாலியும் கழற்றாமல் இருப்பாள். இன்னொரு வாழ்க்கையைப் பற்றி யாரும் அவளிடம் பேச முடியாது. முஸ்லிம் குடும்பமென்றால் நான்கு மாதமும் பத்து நாளும் இருக்கவேண்டிய இத்தாவை எந்த நாளிலிருந்து எண்ணுவது? வங்கிக் கணக்கு, காணி உறுதி, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பதிவு எல்லாம் அந்தரத்தில் தொங்கும்.

‘இல்லை, முடிஞ்சுது’ என்றாலோ, உடல் இல்லாத மரணத்தைத் தன் வாயாலேயே உறுதிசெய்ய வேண்டியவளாகிறாள். பிள்ளையைத் தானே கைவிட்டது போன்ற குற்றவுணர்வு அதற்கு மேல். அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் 1970களிலிருந்து எழுதிவரும் ‘தெளிவற்ற இழப்பு’ என்ற கருத்து இந்த நிலையைத்தான் சொல்கிறது: ஆள் இல்லை, ஆனால் இறந்தும் விடவில்லை; அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. இந்த வேதனை நோயல்ல, நிலைமையே அப்படி என்பது அவருடைய அடிப்படை எண்ணம். இத்தகையவருக்கு முடிவைத் திணிப்பது உதவியாகாது. இரண்டு சாத்தியங்களையும் மனத்தில் ஒருங்கே வைத்துக்கொண்டு வாழப் பழகத் துணையிருப்பதே உதவி என்கிறார்.

சட்டம் இந்த இடத்தைப் புரிந்துகொள்ள நாளெடுத்தது. 2010இன் 19ஆம் இலக்கச் சட்டம், போரினால் காணாமல் போய் ஓராண்டுக்கு மேலாகத் தகவல் இல்லாதவருக்கு மரணப் பதிவு பெற வழிசெய்தது. பல தாய்மார் அந்தச் சான்றிதழை வாங்க மறுத்தார்கள். கொன்றது யார் என்று சொல்லாமல் செத்தான் என்று மட்டும் எழுதித் தரும் கடதாசி அவர்களுக்கு நீதியாகப் படவில்லை. 2016இல் வந்த திருத்தம் காணாமல் போனமைக்கான சான்றிதழை அறிமுகப்படுத்தியது. உயிரோடு இருக்கிறார் என்றோ இறந்தார் என்றோ சொல்லாமல், ஆள் காணவில்லை என்பதை மட்டும் ஏற்று, குடும்பம் அலுவல் பார்க்க வழிவிடும் ஆவணம் அது. தெரியாததைத் தெரியாததாகவே பதிவுசெய்யும் இந்தப் பண்பு குறி சொல்பவருக்கும் ஒரு பாடம்.

அரசும் எப்போதும் அந்தப் பண்போடு நடந்ததில்லை. 2020 ஜனவரியில், அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஐக்கிய நாடுகளின் வதிவிட இணைப்பாளரைச் சந்தித்தபோது, காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று சொன்னதாக ஜனாதிபதி செயலகமே அறிக்கை விட்டது. எங்கே, எப்போது, யார் கையால் என்ற விவரம் அதில் இல்லை. உடலும் இல்லை. நாட்டின் அதியுயர் கதிரையிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கும் மை பார்த்துச் சொல்லும் சொல்லுக்கும் ஆதாரத்தில் என்ன வேறுபாடு? தெரிந்தவர்கள் தெரியாது என்கிறார்கள். தெரியாதவர்கள் தெரியும் என்கிறார்கள். தாய் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள். திண்ணைக்குக் கூட்டம் வருவதற்கு முதற்காரணம் அலுவலகங்களின் மௌனம்தான். அதற்காகத் திண்ணையில் இருப்பவரின் கடமை குறைந்துவிடாது.

பிழைத்த தீர்ப்பு ஒன்று

நம்பிக்கை கொடுப்பதுதானே, அதில் என்ன கேடு என்று சிலர் கேட்பார்கள். உண்மையைச் சொல்வதுதானே என்று வேறு சிலர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் நடந்தது இரண்டாவது தரப்புக்கு மறுமொழி. 2003இல் காணாமல் போன அமாண்டா பெரி என்ற இளம்பெண்ணின் தாய், அடுத்த ஆண்டு தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பெயர்பெற்ற குறிகாரி சில்வியா பிறவுணிடம் மகளைப் பற்றிக் கேட்டார். உயிரோடு இல்லை என்று பதில் வந்தது. தாய் 2006இல் இறந்துபோனார். 2013 மே 6 அன்று, அதே நகரில் சிறைவைக்கப்பட்டிருந்த வீட்டிலிருந்து அமாண்டா உயிரோடு வெளியே வந்தார்.

பிறவுண் பொய் சொல்லவேண்டும் என்று சொன்னாரா, தன் குறியை நம்பிச் சொன்னாரா என்பதை இங்கே பொருட்படுத்த வேண்டியதில்லை. நம்பிச் சொல்லியிருந்தாலும் தாய்க்கு நேர்ந்தது ஒன்றுதான். நல்ல மனத்தோடு சொன்னேன் என்பது பொறுப்பைக் கழுவும் தண்ணீர் ஆகாது. வாழைச்சேனையின் ‘இரிக்கான்’ கிளீவ்லாந்தின் ‘இல்லை’க்கு எதிர்த்திசையில் நிற்கிறது. சோதித்துப் பார்க்க வழியில்லாத ஒன்றை முடிவாகச் சொல்லுதல் இரண்டிலும் உண்டு.

கைநீட்டும் குறி

உயிரா, மரணமா என்ற தீர்ப்பைவிடக் கொடிய ஒன்றும் உண்டு: யார் செய்தது என்று கைநீட்டுவது. ‘தெரிஞ்ச ஆள்தான் காட்டிக்குடுத்தது’, ‘பக்கத்து வளவுக் கண்தான்’, ‘செய்வினை, அதுவும் உறவுக்குள்ள’ என்ற வாக்குகள் குறி கேட்கும் இடங்களில் புழங்குபவை. சாதாரண காலத்தில் இது வேலிச் சண்டையில் முடியும். முகமூடி போட்ட தலையாட்டி தலையசைத்ததில் இளைஞர்கள் வரிசையிலிருந்து இழுத்தெடுக்கப்பட்ட ஊரில், இந்த வாக்கு வேறு விதமாக வேலை செய்யும். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பகுதியில், ‘அந்தப் பக்கத்து ஆள்’ என்ற ஒற்றைக் குறிப்பு எத்தனை குடும்பங்களைச் சுடும் என்று இங்கே வாழ்ந்தவருக்கு விளக்கத் தேவையில்லை. 1990இன் ஓகஸ்ட் மாதத்தில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும், செப்டெம்பரில் வந்தாறுமூலையிலும் சத்துருக்கொண்டானிலும் தமிழர் இலக்கானதும் அடுத்தடுத்த வாரங்களின் கதைகள். அந்தச் சாம்பலில் இன்னும் சூடு இருக்கிறது.

கைநீட்டும் குறியில் கேட்பவர் மட்டுமல்ல, அந்த இடத்தில் இல்லாத ஒருவரும் பாதிக்கப்படுகிறார். அவருக்கு அங்கே வாய் இல்லை. மருத்துவரின் ஒழுக்கத்தில் நோயாளி ஒருவரே முன்னிற்பார். குறி சொல்பவரின் ஒழுக்கத்தில் வராத ஆளுக்கும் ஒரு கதிரை போட்டாக வேண்டும்.

தோழியின் ஐயம்

இவையெல்லாம் இன்றைய மனித உரிமைப் பேச்சு என்று நினைக்கத் தேவையில்லை. தமிழில் குறி பற்றிய மிகப் பழைய பதிவுகளே ஐயத்தோடுதான் தொடங்குகின்றன. மகள் மெலிகிறாள், தாய் குறி சொல்லும் கட்டுவிச்சியை அழைக்கிறாள், வேலனைக் கூப்பிடுகிறாள், வேலன் வெறியாடி, முருகன் அணங்கியது என்கிறான். மெலிவுக்குக் காரணம் காதல் என்று தோழிக்குத் தெரியும். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. பல பாடல்களில் கவிஞரின் சாய்வு தோழியின் பக்கம். குறி சொல்பவனைக் கெட்டவன் என்று அந்தப் பாடல்கள் சொல்வதில்லை. அவன் கேட்பவளின் அச்சத்துக்கு ஏற்றதைச் சொல்கிறான், அவள் மௌனத்துக்குள் இருப்பதைக் கேட்பதில்லை என்பதே குறை.

சோதிட மரபுக்குள்ளும் தற்கட்டுப்பாடு இருந்தது. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் தன் பிருகத் சம்ஹிதையில் சோதிடனுக்கு இருக்கவேண்டிய குணங்களுக்கே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். ஆயுள் முடிவை நேரே சொல்லாமல் ‘கண்டம்’ என்று சொல்லி, பூசை செய்யும்படி அனுப்புவது நம் ஊர்ச் சாத்திரிமாரின் வழக்கம். அதை மழுப்பல் என்று சிரிக்கலாம். மரணத் தீர்ப்பு தன் வாயிலிருந்து வரக்கூடாது என்ற பழைய கூச்சம் அதற்குள் இருப்பதையும் பார்க்கவேண்டும்.

சீட்டும் திரையும்

மரணத்தை நேரே சொல்லாத இந்தக் கூச்சத்துக்கு இணையான வழக்கம் டாரட்டிலும் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டு வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் குறி பார்க்கும் கருவியாக மாறி, 1909இல் லண்டனில் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்களோடு உலகெங்கும் பரவிய 78 சீட்டுகள் அவை. பதின்மூன்றாம் சீட்டின் பெயர் ‘மரணம்’. அதை உடல்மரணம் என்று வாசிக்கக்கூடாது, ஒரு நிலை முடிந்து மற்றொன்று தொடங்குவதாகவே வாசிக்கவேண்டும் என்பது தொழில்செய்வோரிடையே பரவலான பழக்கம். மேலைநாட்டு டாரட் சங்கங்கள் வகுத்துக்கொண்ட நெறிகளிலும் சில பொதுவாகக் காணப்படும்: கேட்பவர் சொன்னதை வெளியே விடாதிருத்தல், கட்டணத்தை முன்கூட்டியே சொல்லுதல், மருத்துவம், சட்டம், உளநலம் பற்றிய கேள்விகளை அந்தந்தத் துறையாரிடம் அனுப்புதல்.

நெறிகள் இருந்தும் ஒரு பள்ளம் மிஞ்சுகிறது. சீட்டு இன்று கைபேசித் திரையில் விரிகிறது. கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும் ஒருவர், ஊரில் காணாமல் போன தம்பிக்காகப் பணம் கட்டிக் கேட்கலாம். சொல்பவர் கேட்பவரின் தெருவில் இல்லை, மறுநாள் முகம் பார்க்கவேண்டியதில்லை, கூட்டம் இல்லை, அம்மனும் இல்லை. திண்ணையில் ஊர் வைத்திருந்த கடிவாளம் திரையில் அறுந்துவிட்டது. கட்டணமும் மாறிவிட்டது. வெற்றிலையில் வைத்த காணிக்கை, கேள்விக்கு இவ்வளவு, நிமிடத்துக்கு இவ்வளவு என்றாகிறது. பதில் கிடைத்த மறுவாரமே பழைய பயம் திரும்பும். மறுபடி அழைப்பு, மறுபடி பணம். தெளிவற்ற இழப்பில் இருப்பவர் ஓயாமல் திரும்பி வருவார். அவருடைய துயரத்துக்கு முடிவில்லை என்பதே வியாபாரத்துக்கு முடிவில்லாத வருமானம். முகம் தெரியாதவர்கள் வெறும் கைபேசி அழைப்பில் ‘மகன் இரகசிய முகாமில் இருக்கிறான், காசு போட்டால் காட்டுவேன்’ என்று சொல்லிப் பறித்த கதைகள் காணாமல் போனோர் குடும்பங்களிடையே ஏராளம். அந்த அழைப்புக்கும் மாதாமாதம் கழிப்புக்குப் பணம் கேட்கும் வாக்குக்கும் நடுவிலுள்ள கோடு மெல்லியது.

சட்டம் எட்டும் தூரம்

பிரித்தானியச் சட்டம் நடந்துவந்த வழி இங்கே கவனிக்கத்தக்கது. 1824இன் அலைகுடிச் சட்டம் குறி சொல்பவரை ஊர்சுற்றியாகக் கருதித் தண்டித்தது. 1951இல் வந்த போலி ஆவியூடகச் சட்டம் அவருடைய உள்நோக்கத்தைப் பார்த்தது: ஏமாற்றும் எண்ணம் இருந்ததா, பணம் வாங்கினாரா? 2008இல் அதையும் நீக்கிவிட்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தார்கள். உடல், மன நலக் குறைவு, வயது, எளிதில் நம்பும் நிலை ஆகியவற்றால் பலவீனப்பட்ட நுகர்வோர் பற்றி அந்த விதிகள் தனியாகப் பேசின. சொல்பவரின் குலமும் மனமும் கேள்வியாக இருந்த இடத்தில் கேட்பவரின் நிலைமை கேள்வியாகிவிட்டது. இந்தியாவில் மகாராட்டிரம், மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தாபோல்கர் கொலையுண்ட 2013இல், பேயோட்டல், சூனியம் என்ற பெயரில் நடக்கும் கொடுமைகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. இலங்கையில் தண்டனைச் சட்டக்கோவையின் ஏமாற்றுதல் பற்றிய பிரிவு உண்டு.

ஆனால் பொய் என்று தெரிந்தே சொன்னவரைத்தான் ஏமாற்றுச் சட்டம் பிடிக்கும். நம்பிச் சொல்பவரை அது தொடாது, தொடவும் கூடாது. நாம் பேசும் கேடு பெரும்பாலும் நம்பிச் சொல்பவர்களிடமிருந்தே வருகிறது. ஆகவே எஞ்சுவது தொழிலின் சொந்த ஒழுக்கம்.

பொறுப்பு எது

மேலே கண்டவற்றிலிருந்து சில வரம்புகள் தாமாகவே தெரிகின்றன. காணாமல் போனவரைப் பற்றி உயிரென்றோ மரணமென்றோ தீர்ப்புச் சொல்லாதிருப்பது முதலாவது. நம்பிக்கை உள்ளவர் இதை நம்பிக்கையைக் கைவிடாமலே செய்யலாம்; ‘அம்மன் இதை எனக்குக் காட்டவில்லை’ என்பதும் வாக்குத்தான். யாரையும் குற்றவாளியாக, காட்டிக்கொடுத்தவராக, செய்வினைக்காரராகச் சுட்டாதிருப்பது இரண்டாவது. மூன்றாவது பணம். தொகையை முன்பே சொல்வது, ஒரே கேள்விக்கு இரண்டாம் முறை வாங்காதிருப்பது, பயத்தை மூட்டிக் கழிப்பை விற்காதிருப்பது. அடகுக்கடைத் துண்டோடு வருபவரிடம் எதுவும் வாங்காமல் அனுப்புவதற்கு எந்த நெறிக்கோவையும் தேவையில்லை. நான்காவது, மைக்கு முன்னால் பிள்ளைகளை இருத்தாதிருப்பது. பெரியவர்களின் மரணக் கேள்விக்குப் பத்து வயதுப் பிள்ளையைச் சாட்சியாக்குவது அந்தப் பிள்ளைக்கும் தீங்கு.

ஐந்தாவது, தன் எல்லைக்கு வெளியே யார் இருக்கிறார்கள் என்று அறிந்திருப்பது. நித்திரையில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற சொற்கள் திண்ணையில்தான் முதலில் விழுகின்றன. வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக ஓர் ஆள், பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரின் பெயர், 1926 என்ற தேசிய உளநல உதவித் தொலைபேசி எண், மட்டக்களப்பில் பெண்களோடு நெடுங்காலம் வேலைசெய்துவரும் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற இடங்கள்: இவற்றைத் தெரிந்து வைத்திருப்பது மந்திரம் தெரிந்திருப்பதற்குக் குறைவில்லை. எதிர்ப்பக்கத்துக்கும் கடமை உண்டு. வைத்தியரும் உத்தியோகத்தரும் சாத்திரியாரை மூடநம்பிக்கைக்காரர் என்று ஒதுக்காமல், ஒரு தாய் முதலில் போகும் வாசல் அதுதான் என்பதை ஏற்றுக்கொண்டு பேசவேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்த வரம்புகளுக்கு உட்பட்ட சாத்திரியாருக்குச் சொல்ல என்ன மிச்சமிருக்கிறது என்று கேட்கலாம். கேட்பது மிச்சமிருக்கிறது. அந்தப் பிளாஸ்டிக் பையைக் கையில் வாங்கி, படத்தை எடுத்துப் பார்த்து, பிள்ளையின் பெயரைச் சொல்லச் சொல்லி, அவன் என்ன கறி விரும்பிச் சாப்பிடுவான் என்று விசாரிக்கலாம். அலுவலகத்தில் யாரும் கேட்காத கேள்விகள் இவை. பிறகு, சோழியை எடுப்பதற்கு முன்னால், “ராவைக்கு நித்திரை வருதா மகள்?” என்று கேட்கலாம். அதற்கு அவளிடம் பதில் இருக்கிறது.